நாலாம் கட்டத்துப் பாம்பு

5-8-1974, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வாயில் பதிவேட்டில் ஆறாம் கட்டத்தில் எழுத வேண்டியதை நாலாம் கட்டத்தில் எழுதிவிட்டேன். நாலாம் கட்டம் 'உடன் வருவோர்'. ஆறாம் கட்டம் 'உடன் கொண்டுவரும் பொருள்கள்'.

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். தினம் ஒரு பக்கமாவது கோர்வையாக எழுதினால் மனம் ஒழுங்குபடும் என்று பொன்னேரி தட்டச்சு வகுப்பு ஆசிரியர் சொன்னார். மூன்று மாதமாக எழுதுகிறேன். ஒழுங்குபட்டதா என்று தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் வேலைக்கு வரும் ஒப்பந்த ஆட்கள் எல்லோரும் பொது வாயிலில் என் சன்னலுக்கு முன்னால் நின்று விவரம் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் நானூறு பேர். நான் தலை நிமிர்வதில்லை. நிமிர்ந்தால் ஆளுக்கு நாலு வினாடி கூடிவிடுகிறது. காதில் விழுவதை எழுதிக்கொண்டே போவேன்.

இன்று ஆணித் தொழிற்சாலையின் ஒப்பந்த வெல்டர் துளசிராமன் வந்தார்.

"கூட யாரு?"

"செண்பகம்."

"கையில இன்னா?"

"சோத்து டப்பா."

எழுதினேன். அடுத்த ஆள் குரல் வராததால் நிமிர்ந்தேன். வரிசையே இரண்டு கெஜம் பின்னால் தள்ளி நின்றது. துளசிராமன் கழுத்தில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஒரு மண்ணுளிப் பாம்பு வெளியே வந்து அவர் சட்டைப் பொத்தான்மீது படுத்திருந்தது. தெரிவது தலையா வாலா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாம்புக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி மழுங்கலாக இருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் இருதலைப் பாம்பு என்பார்கள்.

"அண்ணே, இது பாம்பு."

"நான் ஆடுன்னா சொன்னேன்?" என்றார் துளசிராமன். "கழனில வரப்பு வெட்ட சொல்லோ கெடச்சிது நைனா. குட்டிலேர்ந்து வளக்கறேன். கடிக்காது, சீறாது. ஊட்ல உட்டுட்டு வந்தா எம் பொண்டாட்டி கன்னியம்மா பயந்துகினு பக்கத்தூட்டுக்குப் போயிடறா. சோறு ஆக்கறதில்ல. அதான் கூட இட்டாந்துட்டேன்."

நாளை அதிகாரியிடம் சொல்லித் திருத்த வேண்டும்.

6-8-1974, செவ்வாய்

நிர்வாக அதிகாரி பரசுராமனிடம் சொன்னேன். தொழிற்பேட்டைப் பொது வசதி வாரியத்தில் அவர் அனுமதியில்லாமல் நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது.

"அடிச்சித் திருத்தறதா?" என்றார். "நம்ம பதிவேட்ல ஒரு எடத்துல அடிச்சா, மத்த எடமெல்லாம் சரியா இருக்குதான்னு எவனாவது பாப்பான். நாலு வருசமா ஒருத்தனும் பாக்கல. அந்த நல்ல பேர நீ கெடுத்துடாத மணவாளன்."

பதிவேட்டைத் திருத்த ஒரு துணைக்குழு இருக்கிறதாம். அதற்கு உறுப்பினர்களை இன்னும் போடவில்லை. அது கூடும்வரை நேற்று எழுதியபடியே இன்றும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் நேற்றைய தவறு வெளியே தெரிந்துவிடும் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எனக்குச் சரியாகப் படாதவை பெரும்பாலும் சரியாக இருந்திருக்கின்றன. இன்றும் நாலாம் கட்டத்தில் எழுதினேன்.

கூடவே புதுக் கோப்பு ஒன்றும் திறக்கச் சொன்னார். தலைப்பு: 'வளர்ப்புப் பாம்புகளைப் பொது இடங்களுக்கு இட்டுவர அனுமதிக்கலாமா என்பது குறித்து.'

நான் வாதாடவில்லை. காரணம் உண்டு. மூன்று வருடமாகத் தற்காலிக எழுத்தராக இருக்கிறேன். இப்போது ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது. டிசம்பரில் நேர்காணல். கிடைக்காவிட்டால் டிசம்பர் 31 மாலையோடு என் தவணை முடிகிறது. தட்டச்சு வகுப்பில் என் பக்கத்து இயந்திரத்தில் அடிக்கும் குணசுந்தரியின் அப்பாவிடம் அம்மா போய்ப் பேசியிருக்கிறாள். "நிரந்தரம் ஆவட்டும், மேற்கொண்டு பேசலாம்" என்றாராம். இந்த நேரத்தில் என் பெயரில் ஒரு பிழை இருப்பது நல்லதல்ல.

14-8-1974, புதன்

ஏழு பத்து பாசஞ்சரில் பொன்னேரியிலிருந்து மூன்று வருடமாக நின்றுகொண்டுதான் போகிறேன். கவரைப்பேட்டையில் இன்னும் நாற்பது பேர் ஏறுவார்கள். ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கும். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வேன்.

இன்று துளசிராமன் ஏறிய பெட்டியில் ஏறினேன். நாலு பேர் உட்காரும் பலகையில் அவர் மட்டும் இருந்தார். பக்கத்தில் பை. எதிர்ப் பலகையில் எட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக.

"வா நைனா, உக்காரு," என்றார்.

நான் போகவில்லை. பாம்பு காலை நீட்டிக்கொள்ளக் கூடிய பிராணியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. காலே இல்லாத ஒன்றுக்கு அத்தனை இடம்.

பொறாமை என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

மாலை வகுப்பில் குணசுந்தரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். நாலு மாதத்தில் முதல் முறை. அவள் பேசினால் சொல்வதற்காக நான் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஏங்க, ரயில்ல பாம்பு வச்சிகினு ஒருத்தர் வர்றாரே, அவரு உங்க ஆபீஸா?"

"எங்கள் வாயில் வழியாக வருகிறார்" என்றேன்.

"அது பேரு செண்பகமாமே. நல்லா இருக்குது இல்ல?"

என் பெயர் அவளுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3-9-1974, செவ்வாய்

பாம்புக் கோப்பின்மேல் வாரியம் கூடியது. குறிப்பெடுக்க என்னை மூலையில் உட்காரவைத்தார்கள். உட்கார முக்காலி கிடைத்தது.

தொழிலாளர்கள் தரப்பில் யாரையாவது கேட்கலாமா என்று ஓர் உறுப்பினர் சொன்னார். "கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்கள்" என்று பரசுராமன் மறுத்தார். இன்னொருவர், இரண்டு தலை என்றால் பதிவேட்டில் இரண்டு நபராகக் காட்ட வேண்டாமா என்று கேட்டார். அதன்மேல் நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வாயிலைக் கடப்பதில்லை என்று வாயில் காவலர் சுப்பிரமணி வந்து சாட்சி சொன்ன பிறகு ஒருவர் என்று முடிவானது.

பிறகு தலைவர் பேசினார். ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன்:

"பொது இடம் என்றால் என்ன? வாரியம் பராமரிக்கிற இடம். அதைப் பராமரிக்க நமக்கு உள்ள ஒரே தடை பொதுமக்கள். குழாய் போட்டோம், வந்து தண்ணீர் பிடித்தார்கள். புல்வெளி போட்டோம், வந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பாம்பு வந்தால் மக்கள் விலகிப் போகிறார்கள் என்பது புகார். நண்பர்களே, நாலு வருடமாக நாம் செய்ய முயன்றது அதுதானே."

கை தட்டினார்கள். பத்து நாள் செண்பகத்தைப் பேட்டையின் பொது இடங்களுக்கு அழைத்துப்போய்ச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று தீர்மானம். உடன் போகிறவன் நான்.

20-9-1974, வெள்ளி

சோதனை முடிந்தது. அறிக்கையில் எழுத முடியாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் எந்த வண்டியும் நின்று நான் பார்த்ததில்லை. அரை பர்லாங் தள்ளி நிறுத்துவார்கள், ஓட வேண்டும். செண்பகத்தோடு துளசிராமன் நின்ற அன்று, கூட்டம் முழுவதும் அரை பர்லாங் தள்ளிப் போய் நின்றதால், அவர்களிடமிருந்து தப்பிக்க ஓட்டுநர் சரியாக நிறுத்தத்தில் நிறுத்தினார். நடத்துநர் பாம்பைப் பார்த்ததும், "பின்னால பூரா நீயே உக்காந்துக்கபா" என்று முன்பக்கம் போய்விட்டார். நான் ஏறப் போனேன். "நீ எங்க ஏற்ற? அவரு பாம்பு வச்சிகினு இருக்காரு. உங்கிட்ட இன்னா இருக்குது?" என்றார்.

உணவுக்கூடத்தில் துளசிராமனுக்குக் கேட்காமலே இரண்டு கரண்டி கெட்டிச் சாம்பார். எனக்குக் கேட்டும் ஒரு கரண்டி, தெளிவு.

மருந்தகத்தில் வரிசை இல்லாமல் உள்ளே விட்டார்கள். செண்பகத்துக்கு ஒன்றும் இல்லை என்றும், எனக்கு இரத்த அழுத்தம் இருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். வரிசையில் வந்தால் பார்ப்பதாகவும் சொன்னார்.

டீக்கடை ஞானம்மா மட்டும் நகரவில்லை.

"பாம்பு அதுபாட்டுக்குத் தூங்குது," என்றாள். "நீதான் நோட்ட வச்சிகினு வர்றவங்க மூஞ்சிய மொறச்சிப் பாத்துகினு நிக்கிற. ஏவாரம் கெடுது. பாம்பு வோணா இருக்கட்டும், நீ அந்தாண்ட போ."

ஒன்றைப் பத்து நாளும் கவனித்தேன். சத்தம் வரும்போதெல்லாம் செண்பகம் இன்னும் இறுக்கமாகச் சுருண்டு தலையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொள்கிறது. துளசிராமன் பையின் வாயை மூடி, கையால் மேலே அணைத்துக்கொள்வார். "அதுக்கு இருட்டும் மண்ணும் இருந்தா போதும் நைனா. எனக்கு வேற வழி இல்லாமதான் இட்டுகினு சுத்தறேன்," என்றார். அறிக்கையில் அதற்கென்று கட்டம் இல்லை.

10-10-1974, வியாழன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். எழுதுகிறேன். திங்கட்கிழமை ஒரு முழம் தாம்புக்கயிற்றை என் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, துளசிராமன் வராத பெட்டியில் ஏறினேன். பையைத் தட்டிக்கொடுத்தேன். இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். கும்மிடிப்பூண்டிவரை உட்கார்ந்து போனேன். சன்னல் ஓரம்.

செவ்வாயன்றும் உட்கார்ந்தேன். புதனன்று என் பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் பையோடு வந்து உட்கார்ந்து, என்னை இடித்தார்.

"உள்ள பாம்பு இருக்குது," என்றேன்.

"எனுக்குந்தான். தள்ளி உக்காரு," என்றார்.

எதிரில் மூன்று பைகள். கதவருகே ஒருவர் குடத்துக்குள் இருப்பதாகச் சொன்னார். இன்று பெட்டி முழுக்கப் பாம்பு. யாரும் யாருக்கும் நகரவில்லை. நான் மறுபடி ஒரு காலில் நின்றேன், கையில் கயிற்றோடு.

வாரியத்தின் அறிவிப்பு மாலையில் வாயிலில் மாட்டப்பட்டது. வளர்ப்புப் பாம்புகளைப் பொது இடங்களுக்கு இட்டுவரப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வாரியத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள பாம்புக்கு இது பொருந்தாது.

18-11-1974, திங்கள்

போன மாதம் எழுதியதற்குப் பிறகு நிறைய நடந்துவிட்டது. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

பதிவேட்டில் தொடர்ந்து இரண்டு மாதம் பெயர் இருப்பவருக்கு அடையாள அட்டை உண்டு. செண்பகத்துக்கு அட்டை போட்டார்கள். புகைப்படக்காரர் இரண்டு முனையையும் எடுத்தார். எது முகம் என்று பரசுராமன் என்னைக் கேட்டார். ஒன்றைக் காட்டினேன். ஒட்டி முத்திரை குத்திய பிறகுதான் படத்தில் கண் இல்லை என்று கவனித்தேன். சொல்லவில்லை. என் அட்டையில் என் படமும் அவ்வளவு தெளிவில்லை.

அட்டை உள்ளவருக்குத் தினம் ஒரு டம்ளர் பால். பாம்பு பால் குடிக்காது என்று துளசிராமன் சொன்னார். டம்ளர் தினமும் காலியாகவே திரும்புகிறது என்று பரசுராமன் கோப்பில் எழுதியிருக்கிறார். அவர் மீசையில் ஒரு நாள் பாலாடை இருந்தது.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாரியத்தில் பெண்கள் எத்தனை பேர், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள். பரசுராமன் பதிவேட்டைப் புரட்டினார். நாலாம் கட்டத்தில் விரலை வைத்தார். 'ஒருவர்' என்று பதில் போயிற்று. பாராட்டி மறுகடிதம் வந்தது. பெண் ஊழியர் இருக்கும் இடத்தில் பெண்களுக்கான கழிவறை இருக்க வேண்டும் என்று அதிலேயே இருந்ததால், பத்தே நாளில் கட்டி முடித்து, வெள்ளையடித்து, பூட்டி, சாவியைச் செண்பகத்தின் பெயரில் மாட்டியிருக்கிறார்கள்.

இதை வகுப்பில் குணசுந்தரியிடம் சொன்னேன். இப்போது தினம் பேசுகிறாள், செண்பகத்தைப் பற்றி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"போன வருசம் நான் உங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டேன். லேடீஸுக்கு பாத்ரூம் இல்லம்மா, அதனால எடுக்கறதில்லன்னு திருப்பிட்டாங்க."

அதன்பின் வகுப்பு முடியும்வரை அவள் இயந்திரம் மட்டும் மிக வேகமாக ஓடியது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. பாம்பின்மேல் எனக்கு மட்டுமே இருந்த ஒன்று அவளுக்கும் வந்துவிட்டதே என்றுதான் இருந்தது. இது என்ன குணம் என்று தெரியவில்லை.

18-12-1974, புதன்

நேர்காணல். அழைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். நானும் செண்பகமும். நிரந்தர இடத்துக்கு, ஒப்பந்த ஆட்களைத் தவிர, பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோரையும் அழைக்க வேண்டுமாம்.

வெளியே ஒரே ஒரு நாற்காலி. துளசிராமன் அதில் பையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து எடுக்கப் போனார். "இருக்கட்டும் அண்ணே" என்றேன்.

"நான் இன்னா பண்ணுவேன் நைனா? வரலன்னா என் ஒப்பந்தத்த கட் பண்ணிடுவேன்னு சொல்றாரு உங்க பரசுராமன் சாரு. பேஜாரா போச்சி," என்றார்.

முதலில் என்னை அழைத்தார்கள். இருபத்திரண்டு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதிவேட்டுப் பணியில் குறைகள் ஏதாவது கண்டீர்களா என்று தலைவர் கேட்டார். கூட்டம் நெரியும் அரைமணியில் இரண்டு சன்னல் வைத்தால் நல்லது என்றேன். அவர் பரசுராமனைப் பார்த்தார்.

பிறகு செண்பகம். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. மேசைமேல் விட்டு அதே இருபத்திரண்டு கேள்விகளையும் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். கடைசியில் தலைவர் சொன்னார்: "பாருங்கள், எவ்வளவு அடக்கம். தனக்குத் தெரியாததைப் பேசவில்லை. குறை சொல்லவில்லை. கண்ணிமைக்காமல் கவனிக்கிறார். கை நீட்டவும் மாட்டார், கையே இல்லை. வாரியத்துக்கு வேண்டிய ஊழியர் இவர்தான். அந்தப் பையன் யோசிக்கிறான்."

மாலை நாலு மணிக்குச் செண்பகத்தின் நியமன ஆணையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். நான்தான் அடித்தேன். இரண்டு பிரதி. பிழை இல்லை.

சுப்பிரமணி மட்டும் தோளில் கை வைத்து, "உடு தம்பி. அது பூமிக்குள்ள போற ஜீவன், நீ மேல வர்ற ஆளு," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

வீட்டில் அம்மாவிடம், வேறொருவருக்குக் கிடைத்தது என்று சொன்னேன். "யாரு, பெரிய எடத்துப் புள்ளயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

27-12-1974, வெள்ளி

நிரந்தர ஊழியர் வேலை நேரத்தில் வாரியத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகு எங்கே போவார் என்று யாரும் உத்தரவாதம் தராததால், செண்பகத்தை அலுவலகத்திலேயே தங்கவைத்துவிட்டார்கள். என் மேசையில் ஓர் இழுப்பறை உண்டு. மூன்று வருடமாகச் சாவி கேட்டும் எனக்குக் கொடுக்கவில்லை. அதைத் திறந்து செண்பகத்தை அதில் வைத்திருக்கிறார்கள். உறவினர் பார்க்கும் நேரம் வியாழக்கிழமை மூன்றிலிருந்து நாலு.

நேற்று துளசிராமன் வந்தார். இழுப்பறையை இழுத்துக் குனிந்து பார்த்தார். பாம்பின் மூக்கு தோல் உரிந்து சிவந்திருந்தது. புதைவதற்கு மண் தேடிப் பலகையை முட்டி முட்டித் தேய்ந்துவிட்டதாம். எலிக்குஞ்சு கொண்டுவந்து வைத்தார். தொடவில்லை.

"தம்பி," என்றார். எப்போதும் நைனா என்பவர். "நீ அன்னிக்கி எழுதனது தப்புன்னு ஒரே ஒரு வார்த்த எழுதிக் குடு. அது ஆளு இல்ல, பாம்புதான்னு எழுது. குடுத்துருவாங்க. இங்க கெடந்தா இது செத்துரும்பா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டால் நன்னடத்தைச் சான்று தரமாட்டார்கள். அது இல்லாமல் இந்தப் பேட்டையில் எந்தத் தொழிற்சாலையிலும் எழுத்தர் வேலை கிடைக்காது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த மூக்கைப் பார்த்தபோது ஒரு கணம் எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது.

இன்று வகுப்பில் குணசுந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் திருப்தியைத் தவிர. அவள் நாடாவை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாம்பு யாராண்ட போய் வேல கேட்டுச்சி?"

"கேட்கவில்லை."

"அப்புறம் இன்னாத்துக்கு அதும்மேல உங்களுக்குக் காண்டு? சாயங்காலம் மணி அடிச்சா நீங்க எழுந்து வெளில வந்துடறீங்க. பொறாமப்படறதுன்னா அதுதான் உங்களப் பாத்துப் படணும்."

விரலில் மையோடு நாடாவை மாட்டி முடித்தாள். வீட்டுக்கு வந்து வெகு நேரம் யோசித்ததில் ஒன்று தெரிந்தது. இடமோ சாம்பாரோ ஆணையோ எதுவும் என்னை இவ்வளவு உறுத்தவில்லை. அந்த வேலையை அது துளிகூட விரும்பவில்லை என்பதுதான் உறுத்துகிறது. என்னால் அப்படி ஒரு நாள்கூட இருக்க முடிந்ததில்லை.

விளக்கக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். நாளை கொடுப்பேன்.

30-12-1974, திங்கள்

சனிக்கிழமை கொடுத்த கடிதம் இன்று திரும்பி வந்தது. 5-8-1974 அன்று பாம்பை நபராக எழுதியது என் தவறு, அது இன்றுவரை பாம்பே, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பரசுராமன் பச்சை மையில் குறிப்பு எழுதியிருந்தார்: 'பதிவேட்டில் தவறாக எழுதுபவர் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே இவர் எழுதிய இக்கடிதத்தையும் நம்புவதற்கில்லை. கோப்பில் சேர்க்கவும். நன்னடத்தைச் சான்று இல்லை.'

அறைக்குள் போய் நின்றேன்.

"சார், அந்த ஜீவன் செத்துடும்."

"செத்தா அதுக்கு விதி இருக்குது மணவாளன். பணியில் இறந்தவர் வாரிசுக்கு வேல. துளசிராமனையே எடுத்துக்கலாம்," என்றார். பால் டம்ளரை மேசைக்கு அடியில் வைத்தார். "நீ நாளைக்குப் பொறுப்ப ஒப்படச்சிட்டுப் போ. ஒப்படைப்புப் பத்திரத்துல அதோட கையெழுத்து வாங்கணும். வராதுன்னா ரேகை எடு."

வெளியே வந்து ஆணித் தொழிற்சாலை வேலி ஓரமாகத் துளசிராமனைப் பார்த்தேன். கடிதம் பலிக்கவில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு நான் வேறொன்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"நீ இதுவரிக்கும் அதத் தொட்டதுகூட இல்லியே, நைனா."

"இல்லை. எப்படிப் பிடிப்பது என்று சொல்லுங்கள்."

சொன்னார். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

நாளை செய்ய வேண்டியது: நாலே முக்காலுக்கு எல்லோரும் வருடக் கடைசிக் கூட்டத்துக்குப் போவார்கள். அப்போது இழுப்பறையைச் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். கழுத்தை அழுத்தக் கூடாது; நடு உடம்பை இரண்டு கையாலும் தாங்கித் தூக்க வேண்டும். சோற்று டப்பாவில் ஈர மணல் நிரப்பி எடுத்துப் போக வேண்டும், மூடியில் நாலு துளை. ஐந்து பத்துக்குத் துளசிராமன் வேலிக்கு வெளியே நிற்பார்.